பழவேற்காடு போகிறவர்கள் கவனத்திற்கு...

விடுமுறை என்றால் சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு, கோவளம், மகாபலிபுரம். எல்லாமே தெற்குப் பக்கம்தான்! வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இருப்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை.

போகிற சிலரும் அங்கே என்ன செய்கிறார்கள்? படகு கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். வறுத்த மீன் சாப்பிடுகிறார்கள். நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். "ஒண்ணுமே இல்லப்பா, ஒரே நாத்தம்" என்று ஒரு விமர்சனம் வேறு!

உண்மையில் படகு ஏறாமலேயே ஒரு முழு நாள் பார்க்கும் அளவுக்கு அங்கே விஷயம் இருக்கிறது.

முதலில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கும். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள், அவற்றின் மேல் டச்சு எழுத்துகள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களின் தலைமையிடம் இதுதான். ஆங்கிலேயர் சென்னையில் கால் வைத்தது 1639-இல். அதாவது மெட்ராஸ் பிறக்கும் முன்பே பழவேற்காடு பெரிய துறைமுகம்! இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் மேடும்தான் மிச்சம்.

இங்கே நெய்த துணி கடல் தாண்டிப் போய் வாசனைப் பொருட்களுக்கு விலையானது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட லுங்கியை இன்றும் 'காயின் பெலெக்காட்' என்கிறார்கள். பெலெக்காட் என்பது வேறொன்றும் இல்லை, பழவேற்காடுதான். ஆனால் இதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக விலைபேசி, கப்பலில் ஏற்றி, பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். கல்லறையின் வேலைப்பாட்டை வியக்கிறவர்கள், பெயரும் கல்லும் கிடைக்காமல் போன அந்த மனிதர்களையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

ஊருக்குள் பழைய பள்ளிவாசல்கள், மகிமை மாதா ஆலயம், பழைய கோயில்கள் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. பாலத்தைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம். அங்கே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவே மெல்லிய மணல் திட்டு.

பறவைகளைப் பார்க்க ஆசையா? மழைக்காலம் முடிந்து குளிர்காலத்தில் போக வேண்டும். ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். தமிழ்நாட்டுப் பக்கம் அண்ணாமலைச்சேரி, ஆந்திரப் பக்கம் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஆகியவை நல்ல இடங்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. கரையில் இருந்தே பார்ப்பது நல்லது. படம் எடுப்பதற்காகக் கிட்டே போனால் கூட்டம் முழுவதும் பறந்துவிடும். இரை தேட வேண்டிய நேரம் அதற்கு வீண்.

இதையெல்லாம்விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மீனவர்களின் 'பாடு' முறை. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்பும். அந்த வழியில் வலை கட்டுகிறவருக்கு நல்ல வருமானம். எல்லோருமே அங்கே கட்ட முடியுமா? அதனால் எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று கிராமங்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அரசாங்கம் போட்ட சட்டம் இல்லை, ஊர் போட்ட சட்டம். இந்த முறைக்குள் வராதவர்களும் ஏரியை நம்பி இருக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வெறும் கையால் இறால் தடவிப் பிடிப்பதைப் பார்த்தால், தட்டில் இருக்கும் இறாலின் விலை அதிகம் என்று யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

சரி, படகு விஷயத்துக்கு வருவோம்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள் ஏறிய மீன்பிடிப் படகு ஏரியில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். உயிர்காக்கும் கவச உடை யாரிடமும் இல்லை. அதன் பிறகு சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் விடுமுறை நாட்களில் திருட்டுத்தனமாகச் சவாரி நடப்பதாகச் செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன. ஏறுகிறவருக்கும் ஆசை, ஏற்றுகிறவருக்கும் தேவை. இந்த இரண்டும் இருக்கும்வரை வெறும் தடையால் என்ன ஆகும்? விபத்து நடந்தால் பொறுப்பேற்க ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

இத்தாலியின் கோமோ ஏரியில் ஊருக்கு ஊர் நேர அட்டவணை போட்டுப் படகு ஓடுகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் பிச்சாவரத்திலேயே சுற்றுலா வளர்ச்சிக் கழகம் கவச உடை கொடுத்துத்தான் படகில் ஏற்றுகிறது. பழவேற்காட்டில் மட்டும் ஏன் முடியாது? மீன்பிடிப் படகு வேறு, சவாரிப் படகு வேறு என்று பிரிக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று படகிலேயே எழுத வேண்டும். முகத்துவாரத்துப் பக்கம் போகவே கூடாது. பறவைகள் இறங்கும் இடத்துக்கும் போகக் கூடாது. மிக முக்கியமாக, அதை நடத்தும் உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கே இருக்க வேண்டும். வலை கட்டும் இடத்தையே முறை வைத்துப் பங்கிடத் தெரிந்தவர்களுக்குப் படகுச் சவாரியைப் பங்கிடத் தெரியாதா?

"கூட்டம் வந்தால் ஏரி கெட்டுப்போகும், அது அப்படியே இருக்கட்டும்" என்று சிலர் சொல்வார்கள். குப்பை விஷயத்தில் அது நியாயமான பயம்தான். ஆனால் யாரும் வராத ஏரிக்காகப் பேச ஆள் இருக்காது என்பதையும் யோசிக்க வேண்டும். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்தார்கள். 2023 செப்டம்பரில் நடக்க இருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அவர்களின் பயத்துக்குக் காரணம் எளிது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கடலுக்குள் கல் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். வடக்கே இருப்பது அந்த மெல்லிய மணல் திட்டும், அதன் மேல் உள்ள குப்பங்களும்தான்.

இதை வரைபடத்தில் பார்ப்பதற்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில் நின்று பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

போவதும் கஷ்டமில்லை. கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பேருந்து. தொப்பியும் தண்ணீரும் அவசியம். காலையிலேயே போய்ச் சேர்ந்தால் மீன் ஏலத்தைப் பார்க்கலாம். மடவையோ நண்டோ வாங்கினால் உள்ளூர்ப் பெண்களிடம் வாங்குவது நல்லது. பனை ஓலைக் கூடை கிடைத்தால் அதையும் வாங்கலாம், பிளாஸ்டிக் பை மிச்சமாகும்.

யாராவது மெதுவாகப் பக்கத்தில் வந்து "படகு வேணுமா சார்?" என்று கேட்டால், கவச உடை இருக்கிறதா, அனுமதி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்க வேண்டும். இல்லை என்றால் ஏறக் கூடாது. 22 பேர் போன ஏரி அது!