கம்பிக்கு அந்தப் பக்கம்

போன வாரம் எங்க அபார்ட்மெண்ட் தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸப் குழுவில் என் தலைதான் உருண்டது. பி.யூ.சி. ரெண்டாம் வருஷம் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு ராக் கச்சேரிக்குப் போய்விட்டு ராத்திரி ஒன்றரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். வாட்ச்மேன் மூலமாக சேதி பரவிவிட்டது. கோயமுத்தூர்க்கார அண்ணன் ஒருத்தர், ரொம்ப மரியாதையாகத்தான், "தம்பி, பொம்பளப் புள்ளைய அந்தக் கூட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போறது நல்லாவா இருக்குது? ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டிருந்தார். கீழே பதினாலு கட்டைவிரல். அதில் ஒன்று நம்ம தங்கமணியோடது.

அண்ணன் கேட்டதில் பாதி ரொம்ப நியாயமான கேள்வி. மீதிப் பாதி அபத்தம். எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் ஆபீஸ் ஆணிகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் கொசுவர்த்தி. 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதல் தடவை வாசித்த ராத்திரி. அப்போ நான் கல்யாணம் ஆகாத பொட்டி தட்டுற பையன், மடிவாளாவில் நாலு பேரோடு ஒரு ரூம். கரூரில் இருந்து வந்தவனுக்கு எப்படி மெய்டன் என்று கேட்பீர்கள். காலேஜ் ஹாஸ்டலில் ஒரு சீனியர் வைத்திருந்த, நாலு கை மாறித் தேய்ந்துபோன கேசட்தான் காரணம். அன்றைக்குக் காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கௌஹாத்தியில் இருந்து மூன்று நாள் ரயிலில் வந்த ரெண்டு பேர், பின்னால் ஷில்லாங் காலேஜ் பசங்க. அவர்கள் கொண்டுவந்த அவலும் நான் கொண்டுபோன புளியோதரையும் கை மாறின. முதலில் டெல்லி பரிக்ரமா வாசித்தார்கள், அப்புறம் மெய்டன். நான் நின்ற இடத்தில் யார் ஐ.டி., யார் வேலை இல்லாதவன், யார் எந்த ஊர் என்று ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. யாராவது விழுந்தால் நாலு கை வந்து தூக்கும். இந்த ஊரில் எனக்கு முதல் முதலாக "நம்ம ஆளுங்க" என்று தோன்றிய கூட்டம் அதுதான். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில்கூட அப்படித் தோன்றியதில்லை, கோவிச்சுக்காதீங்க.

அதுக்கப்புறம் 2008-ல் மெகாடெத், 2009-ல் திரும்பவும் மெய்டன், 2011 அக்டோபர் 30-ல் மெட்டாலிக்கா, 2012-ல் கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்று எல்லாத்துக்கும் ஆஜர். நடுவில் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர், அவியல் மாதிரி நம்ம பக்கத்து ஆளுங்க கச்சேரிக்கு எத்தனை தடவை போனேன் என்று கணக்கே இல்லை. பத்து மணிக்கு எல்லாம் ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும். அது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி. வருஷத்துக்கு பதினஞ்சு நாள் வரைக்கும் நள்ளிரவு வரை தளர்த்திக்கொள்ள மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தத் தளர்வு பிள்ளையார் ஊர்வலத்துக்குக் கிடைக்கிற மாதிரி கிதாருக்கு ஏன் கிடைப்பதில்லை என்று ஒரு தனிப் புலம்பல் இருக்கிறது. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இப்போ மகளோடு போன கச்சேரிக்கு வருகிறேன். குழு பெயரும் வேண்டாம், நடத்தினவர் பெயரும் வேண்டாம். டிக்கெட் தலைக்கு 3,500, ரெண்டு பேருக்கு 7,000. அதுதான் இருப்பதிலேயே மலிவு. உள்ளே போனால் மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் இரும்புக் கம்பி வேலி. அந்தப் பக்கம் மூணு மடங்கு காசு கொடுத்தவர்களுக்கான இடம். அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே டென்னிஸ் பந்தில் ஒரு கிரிக்கெட் மேட்ச் ஆடலாம், அவ்வளவு காலி. சோபா வேறு போட்டிருந்தார்கள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம், பாட்டு ஒவ்வொன்றும் மனப்பாடமாகத் தெரிந்த அத்தனை பேரும் அந்தக் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். பின்னால் இருந்து தள்ளுகிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன, ஐம்பது மீட்டருக்கு அப்பால் நின்றால் ஆளே தெரியாது.

தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிவிட்டார்கள். உள்ளே அரை லிட்டர் நூறு ரூபாய். அதுவும் காசாகக் கொடுக்க முடியாது, கையில் கட்டிய பட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு வரிசை, தண்ணிக்கு ஒரு வரிசை.

ஆறாவது பாட்டோ ஏழாவது பாட்டோ, எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பையன், இருபது வயசு இருக்கும், கண் சொருகி விழுந்தான். விழுந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, விழ இடம் இல்லை. நின்றபடியே தொங்கினான். நானும் இன்னும் மூணு பேரும் அவனைத் தூக்கி, கம்பிக்கு மேலாக அந்தக் காலியான பக்கத்துக்கு விடப் பார்த்தோம். அங்கே நின்ற காவலாள் முதலில் பார்த்தது பையனுடைய முகத்தை இல்லை. கையில் இருக்கிற பட்டை என்ன கலர் என்று பார்த்தான். "இது ஜெனரல் சார், இங்க விடக்கூடாது" என்றான் இந்தியில். என் மகள் கன்னடத்தில் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், எனக்கே அர்த்தம் புரியாத ரெண்டு வார்த்தை அதில் இருந்தது. அப்புறம்தான் வாங்கிக்கொண்டான். பையன் பிழைத்துக்கொண்டான், தண்ணி குடித்து எழுந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். காவலாளை நான் திட்டவில்லை. பத்து மணி நேரம் நின்று கூலி வாங்குகிறவன், கலர் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தான். சொன்னவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

கூட்டத்தில் மனிதர்கள் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் இருக்கும்வரை நாம் நம் காலில் நடக்கிறோம். ஆறு, ஏழு என்று போனால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலை அடிக்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்காது. நெஞ்சு விரிய இடம் இல்லாமல் நின்றபடியே மூச்சு அடைக்கும். 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ கச்சேரி வாசலில் 11 பேர் செத்தார்கள். 2000-ல் டென்மார்க் ராஸ்கில்டேயில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருக்கும்போது 9 பேர். 2021-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோவேர்ல்டில் 10 பேர்.

"பார்த்தியா, அதுக்குத்தான் தம்பி சொன்னேன்" என்று அண்ணன் ஆரம்பிக்கக்கூடாது. 2023 நவம்பரில் கொச்சி பல்கலைக்கழகத்தில் 4 பிள்ளைகள் செத்தது ராக் கச்சேரியில் இல்லை, சினிமாப் பாடகி பாட வந்த காலேஜ் விழாவில். 2025 ஜூன் 4, நம்ம சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் 11 பேர் செத்தது கிரிக்கெட் கோப்பைக்கு. குழுவில் கட்டைவிரல் போட்ட பதினாலு பேரில் ஆறு பேர் வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கு எம்.ஜி. ரோடு பக்கம் போயிருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். 2023 செப்டம்பர் 10-ல் சென்னை ஈ.சி.ஆரில் ரஹ்மான் கச்சேரி, நம்ம பாட்டு, நம்ம குடும்பங்கள். டிக்கெட் வைத்திருந்தவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், பெண்கள் நெரிசலில் பட்ட பாட்டைச் சொல்லி அழுதார்கள். இதில் எங்கே வந்தது ராக், எங்கே வந்தது கறுப்பு டீஷர்ட்? பிசாசு இசையில் இல்லைங்க. வாசல் எத்தனை, தண்ணி எங்கே, வேலி எதுக்கு என்பதில் இருக்கிறது.

வேலியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த 9 பேர் செத்த பிறகு ராஸ்கில்டேக்காரர்களும் மேடை முன்னால் வேலி போட்டார்கள். ஆனால் அது ஆள் எண்ணிக்கையை அளவாக வைக்கிற வேலி. முதலில் வந்து வரிசையில் நின்றவர்கள் உள்ளே, இடம் நிறைந்தால் கதவு மூடும். காசு கணக்கே கிடையாது. நம்ம ஊரில் கம்பி ஒன்றுதான், வேலை நேர் எதிர். பணம் இருப்பவனுக்கு முன்னால் காலி மைதானம், இல்லாதவனைப் பின்னால் அடைத்து நெருக்கு. பெரிய குழுக்களை வரவழைக்கச் செலவு ஜாஸ்தி, பணக்கார டிக்கெட் இல்லாவிட்டால் கட்டுப்படி ஆகாது என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். பணக்காரருக்கு ஓரமாக உயரமான மேடை கட்டி, சோபா, ஏசி, பிரியாணி எல்லாம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? மேடைக்கு நேர் எதிரில் இருக்கிற மண்ணை, காலையில் வந்து நிற்கிறவனுக்கு விடுங்கள்.

நம்ம குடும்பங்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்க நமக்கு ஒரு நிமிஷம் போதும். நடத்துகிறவருக்கு ஒரு மெயில் போட்டு, எத்தனை வாசல், இலவசத் தண்ணி எங்கே, கச்சேரி முடிந்து மெட்ரோ ஓடுமா என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் நேரம் இல்லை. ஸ்கூல் டூர் பஸ்சில் சீட் பெல்ட் இருக்கா என்று பிரின்சிபாலை மூணு தடவை கேட்ட அதே அண்ணன்தான் இவரும்.

அடுத்த மாசம் ஒரு கச்சேரி இருக்கிறது. மகள் தன் பாக்கெட் மணியில் ரெண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள், ஜெனரல்தான். நடத்துகிறவர்களுக்கு எட்டு கேள்வி போட்டு மெயில் அனுப்பினேன். ரெண்டு நாளில் பதில் வந்தது: கூடுதலாகக் கட்டினால் முன்பக்கப் பகுதிக்கு மாற்றித் தருகிறார்களாம், குறுகிய காலச் சலுகையாம். அதே எட்டு கேள்வியைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன், இந்தத் தடவை போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு பிரதி. அண்ணனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் ஈமெயில் விலாசம் கேட்டு குழுவில் எழுதினேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.