சீனக் கவிதைக்கு யார் சொல்லும் பொருள் சரி?

சீனத்துப் பழங்கவிதையை மேல்நாட்டாருக்கு அறிமுகம் செய்தவர்களில் எஸ்ரா பவுண்டு முக்கியமானவர். 1915-ல் 'கேத்தே' என்ற நூலை அவர் வெளியிட்டபோது அவருக்குச் சீன மொழி தெரியாது. அமெரிக்க அறிஞர் பெனலோசா ஜப்பானிய ஆசிரியர்களிடம் பாடம் கேட்டு எழுதி வைத்த குறிப்புகளே அவருக்கு ஆதாரம். ஆங்கிலக் கவிதை என்ற முறையில் அந்நூல் சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

தவறு வேறிடத்தில் நேர்ந்தது. சீன எழுத்தைச் சித்திரமாகக் கண்ட பெனலோசாவின் கட்டுரையைப் பவுண்டு 1919-ல் வெளியிட்டார். சீனக் கவிதை கண்ணுக்குரியது என்று மேல்நாட்டில் பலர் நம்பிவிட்டனர். உண்மையில் சீன எழுத்துக்களில் பெரும்பாலானவை ஒரு பகுதியில் பொருளையும் மறு பகுதியில் ஒலியையும் சுட்டுபவை. ஜேம்ஸ் லியூ 1962-ல் எழுதிய நூலில் இதை எடுத்துக் காட்டினார். தாங் காலத்து எட்டடிப் பாட்டில் அடிக்கு ஐந்து அல்லது ஏழு எழுத்து, இயைபு உண்டு, குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் விதி உண்டு. அது காதுக்குரிய பாட்டு அன்றோ?

அப்படியானால் சீனப் பண்டிதர்கள் சொன்னதெல்லாம் சரியா? அதுவும் இல்லை. 305 பாடல்கள் கொண்ட 'ஷீ சிங்' தொகுப்பிலுள்ள காதல் பாட்டுகளுக்குக் கன்பூசிய உரையாசிரியர்கள் அரசியல் பொருள் கற்பித்தனர். அவற்றில் சில வெறும் காதல் பாட்டுகளே என்று 12-ம் நூற்றாண்டில் சொன்னவரும் சூ சி என்ற சீனரே. பிரெஞ்சு அறிஞர் கிரானே 1919-ல் அவற்றைக் கிராமத் திருவிழாக்களோடு பொருத்திக் காட்டினார்.

ஆகவே, பிறந்த நாட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. மொழியைக் கற்று, பாட்டை அதன் ஓசையோடு படித்தவர் எவரோ அவர் சொல்லுக்கே மதிப்பு. மொழிபெயர்ப்பைச் சுவைக்கலாம், அதைக் கொண்டு மூலமொழியின் இயல்பை அளந்துவிடக் கூடாது.