மூணாவது பிடில் யாரு?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ உடுமலையில ஒரு பழைய பேப்பர் கடையில பாட்டுப் புத்தகக் கட்டு ஒண்ணு கிடைச்சுது. அந்தக் காலத்துல தியேட்டர் வாசல்ல விப்பாங்களே, கதைச் சுருக்கம் போட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு முடிப்பாங்களே, அந்த சாதி. நாப்பது புத்தகத்தைச் சேர்த்து யாரோ சணல் நூல்ல தச்சு வச்சிருந்தாங்க. எடைக்குப் போடறதைக் காப்பாத்திட்டோம்னு பெருமையா அம்பது ரூபாய் கொடுத்து வாங்கிட்டு டீக்கடையில உக்காந்து புரட்டினா, நடுவுல இருந்து ஒரு போட்டோ விழுந்துச்சு.

கறுப்பு வெள்ளை. ஓரமெல்லாம் பழுப்பு. ஒரு பெரிய ஹால், சுவர் முழுக்க ஓட்டை போட்ட அட்டை. பின்னாடி ஒரு கண்ணாடி ஜன்னல், அதுக்குள்ள ரெண்டு தலை. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பதினெட்டு பேர். இடது பக்கம் வரிசையா பிடில், நடுவுல தபேலா, வலது பக்கம் ஒரே மைக்கைச் சுத்தி மூணு பொண்ணுங்க. நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கி நிக்கிறார். கதவோரமா டம்ளர் தட்டோட ஒரு பையன். போட்டோவுக்குப் பின்னாடி பென்சில்ல '7'ன்னு மட்டும் இருக்கு. வேற ஒரு எழுத்து கிடையாது.

ரெக்கார்டிங் தியேட்டர். அது வரைக்கும் சந்தேகமே இல்லை. அதுக்கு மேலதான் பிரச்சினை.

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "எம்.எஸ்.வி.ங்க தம்பி. அந்தக் கையைப் பாருங், அப்படித்தான் தூக்குவாரு." பக்கத்துல வடை சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர் ஒத்துக்கலை, கே.வி.மகாதேவன்னு அடிச்சுச் சொன்னார். ரெண்டு பேரும் பார்த்தது முதுகைத்தான் :) மில்லு ஷிப்ட் முடிச்சு வந்த ஒரு பையன், ஓரத்துல கிடார் வச்சிருக்கறது சின்ன வயசு இளையராஜான்னான். துண்டு போட்ட பெரியவர் ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிப் பார்த்துட்டு, மூலையில மீசையோட நிக்கிறவரைக் காட்டி, "நம்ம நாராயண கவிங்க"ன்னார். உடுமலையில எந்தப் பழைய போட்டோவுல மீசை இருந்தாலும் அது நாராயண கவிதான். பூளவாடியில பொறந்து பராசக்தி வரைக்கும் பாட்டெழுதின மனுஷனை ஊர் விட்டுக் கொடுக்குமா?

பத்து நிமிஷத்துல ஆறு பேர் கூடிட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனா அந்த அரை மணி நேரம் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஒவ்வொருத்தரும் சொன்ன பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருந்துச்சு. எந்தப் படத்தை எந்த டெண்ட் கொட்டாயில பார்த்தாங்க, யாரோட கல்யாணத்துல எந்தப் பாட்டு ரிக்கார்டு போட்டாங்கன்னு. போட்டோவை விட்டுட்டு எல்லாரும் அவங்கவங்க வாழ்க்கையைப் பேசிக்கிட்டு இருந்தாங்க. அதனால ஊகம் பண்றதே தப்புன்னு சொல்ற கோஷ்டி இல்லை நான். அதை முதல்லயே சொல்லிடறேன்.

ஆனா நானும் ஒரு காரியம் பண்ணினேன்.

கொமரலிங்கம் பஸ்ல உக்காந்துக்கிட்டு போட்டோவை மொபைல்ல படம் புடிச்சு சொந்தக்காரங்க வாட்ஸப் குழுவுல போட்டேன். சும்மா போட்டிருக்கலாம். "கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ, 1947"ன்னு எழுதிப் போட்டேன். ஏன் அப்படி எழுதினேன்? நம்ம ஊர்ப் பெருமைதான். சினிமான்னா கோடம்பாக்கம்னு மட்டுமே பேசறவங்க மேல எனக்கு ஒரு கடுப்பு உண்டு. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவும், ஸ்ரீராமுலு நாயுடுவோட பட்சிராஜாவும் ஓடின காலத்துல கோயமுத்தூரே ஒரு சினிமா ஊருதான். எம்.ஜி.ஆர். கதாநாயகனா நடிச்ச ராஜகுமாரி, ஜுபிடர் கம்பெனி சென்ட்ரல் ஸ்டுடியோவுல எடுத்தது. அது வந்த வருஷம் 1947. என் மண்டைக்குள்ள இருந்த வருஷம் அதுதான், கை தானா அடிச்சிடுச்சு.

சாயங்காலத்துக்குள்ள அதே போட்டோ எங்க மாமா ஒருத்தர்கிட்ட இருந்து எனக்கே திரும்பி வந்துச்சு. மேல "அரிய புகைப்படம்! அதிகம் பகிரவும்"னு இருக்கு. கதவோரம் டம்ளரோட நிக்கிற பையனைச் சுத்தி சிவப்பு வட்டம். அவர்தான் பிற்காலத்து மெல்லிசை மன்னராம்! எம்.எஸ்.வி. சென்ட்ரல் ஸ்டுடியோவுல ஆபீஸ் பையனா இருந்தது உண்மை. அந்த உண்மையைக் கொண்டு வந்து என் பொய்யோட ஒட்டிட்டாங்க. ரெண்டும் சேர்ந்து இப்ப கல்வெட்டு மாதிரி நிக்குது.

இது வரைக்கும் சிரிக்கிற விஷயம்தான். அடுத்த நாள் காலையில கொழுமத்துல இருந்து ஒரு ஆத்தா வந்தாங்க. பேரன் பைக்ல கூட்டிட்டு வந்திருந்தான். எங்களுக்குச் சொந்தம் இல்லை, நான் அதுக்கு முன்னாடி பார்த்ததும் இல்லை. வயசு எண்பத்தஞ்சுக்கு மேல இருக்கும். திண்ணையில உக்காந்ததும் தண்ணி கூட வாங்கலை. "அந்தப் படம் எங்க சாமி?"ன்னாங்க.

கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. பிடில் வரிசையில மூணாவது ஆளு மேல விரலை வச்சாங்க. "என்ற அண்ணன்."

அவங்க சொன்ன கதை இதுதான். அண்ணன் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவர். இவங்களுக்கு எட்டு வயசா இருக்கறப்போ கோயமுத்தூருக்குப் போனார். அங்க பிடில் கத்துக்கிட்டு ஸ்டுடியோவுல வாசிக்கிறதா ஒரு தடவை கடுதாசி வந்துச்சாம். அப்புறம் 1956-ல காய்ச்சல்ல செத்துப் போயிட்டார்னு சேதி வந்துச்சு. வீட்டுல அவர் போட்டோ ஒண்ணு கூடக் கிடையாது. மொகமே மறந்துபோச்சுன்னு அழுதுக்கிட்டு இருந்தவங்க, மொகம் கெடைச்சிருச்சுன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "இதுல ஒரு காப்பி போட்டுக் குடு சாமி, பின்னால அவன் பேரையும் எழுதிக் குடு. என்ற பேத்திக்குத் தெரியோணும்."

மொகமே மறந்துபோச்சுன்னு அவங்களே சொன்னாங்க. அப்புறம் எப்படி அடையாளம் தெரிஞ்சுது? 'கோவை, 1947'ன்னு நான் எழுதினதை வச்சுத்தான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. போட்டோவை ஸ்கேன் பண்ணி லேப்டாப்ல பெருசாக்கிப் பார்த்தேன். நான் டீக்கடையில உக்காந்தப்பவே பண்ணியிருக்க வேண்டிய வேலை. மனுஷங்க மொகத்தை விட்டுட்டு சாமான்களைப் பார்த்தேன். மொகம் யாரு மாதிரி வேணும்னாலும் இருக்கும், சாமானுக்குத் தயாரிச்ச வருஷம் இருக்கு.

அந்த மூணு பொண்ணுங்களுக்கு நடுவுல இருக்கற மைக். நாப்பதுகள்ல புகழ்பெற்ற ஆர்.சி.ஏ. மைக்கெல்லாம் வேற மாதிரி. 44-ங்கிறது பட்டை தீட்டின கட்டையா, 77-ங்கிறது கேப்ஸ்யூல் மாத்திரை மாதிரி இருக்கும். இது அது ரெண்டும் இல்லை. மேல கம்பி வலை ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரிஞ்சிருக்கு, உடம்பு கீழ போகப் போகக் குறுகுது. ஜெர்மனி நியூமன் கம்பெனி மைக். யூ 67-ஆ இருந்தா அது வந்த வருஷம் 1960. யூ 87-ஆ இருந்தா 1967. வெளித்தோற்றத்துல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்லை, இந்த போட்டோவை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் 1960-க்கு முன்னாடி இந்த மைக் உலகத்துல எந்த ஸ்டுடியோவுலயும் நின்னிருக்க முடியாது. சிங்காநல்லூர்லயும்தான்.

1956-ல செத்தவர் இந்த போட்டோவுல இல்லை.

நம்ம ஊகத்துல இருக்கற கோளாறு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. டீக்கடையில வந்த பேரெல்லாம் யோசிச்சுப் பாருங்க. அத்தனையும் பெரிய பேர். பதினெட்டு பேர் இருக்கற படத்துல யாருமே "இது யாரோ ஒரு பிடில்காரர்"னு சொல்லலை. அந்தக் காலத்துல பாட்டுக்காரரும் வாத்தியக்காரங்களும் ஒரே நேரத்துல ஒண்ணா வாசிச்சுத்தான் பதிவு பண்ணுவாங்க. கடைசி வரியில ஒரு பிடில் தடம் புரண்டா மொத்தப் பேரும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இன்னிக்கு மாதிரி ஒரு ட்ராக்கை மட்டும் வெட்டி ஒட்டற வசதி கிடையாது. அப்படிப் பார்த்தா நாம உருகிக் கேக்கற ஒவ்வொரு பழைய பாட்டும் அந்த மூணாவது பிடில் தப்பு பண்ணாததால கிடைச்சதுதான். ஆனா பாட்டுப் புத்தகத்துலயும் ரிக்கார்டு லேபிள்லயும் அவர் பேரைத் தேடிக் கண்டுபிடிச்சவங்க யாராவது உண்டா? ராஜா சார் குரூப்ல கிடார் சதானந்தம், டிரம்ஸ் புருஷோத்தமன், புல்லாங்குழல் நெப்போலியன்னு நாலஞ்சு பேர் பேராவது நமக்குத் தெரியும். அதுக்கு முந்தின தலைமுறையில நமக்குத் தெரிஞ்சது அதை விடக் கம்மி. 1976-ல அன்னக்கிளி வர்றதுக்கு முன்னாடி ராஜாவே ஜி.கே.வெங்கடேஷ் கிட்ட உதவியாளர்தான். அப்ப எடுத்த குரூப் போட்டோவுல அவரும் பேர் இல்லாத ஒரு ஆளுதான்.

எழுதி வச்சது எல்லாம் சரியா இருக்கும்னும் சொல்ல முடியாது. அதே சென்ட்ரல் ஸ்டுடியோ கதையையே எடுத்துக்கங்க. 1948-ல வந்த அபிமன்யு. டைட்டில்ல இசைன்னு எஸ்.எம்.சுப்பையா நாயுடு பேர். ஆனா அதுல 'புது வசந்தமாமே'ங்கிற பாட்டுக்கு மெட்டுப் போட்டது அங்க எடுபிடியா இருந்த விஸ்வநாதன். ஜுபிடர் கம்பெனி கோவையை விட்டு மெட்ராஸ் கிளம்பற சமயத்துல நாயுடுவே முதலாளி சோமுகிட்ட உண்மையைச் சொல்லி, இந்தப் பையனை விட்டுடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். எம்.எஸ்.வி. இதை வாழ்நாள் பூரா நன்றியோட சொல்லிக்கிட்டு இருந்தார். நாயுடு வாயைத் திறக்காம இருந்திருந்தா? படத்துல எழுத்துல இருக்கு, நாம அதைத்தானே நம்பியிருப்போம்? நான் குழுவுல போட்ட ஒரு வரியும் இன்னும் இருபது வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தனுக்கு ஆதாரமா இருக்கும். அதை நினைச்சா வயித்தைக் கலக்குது.

எங்க தொழில்ல டேட்டாபேஸ்ல ஒரு கட்டம் காலியா இருந்தா 'நல்'னு இருக்கும். தெரியலைன்னு அர்த்தம். காலியா இருக்கறதைப் பார்த்தா என்னிக்காவது ஒருத்தன் வந்து நிரப்புவான். தப்பான மதிப்பு உக்காந்திருந்தா அதை யாரும் திரும்பிப் பார்க்கவே மாட்டாங்க. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு தேதிக் கட்டத்துல சும்மா ஏதோ ஒரு தேதியை நான் அடிச்சு வச்சு, அதைக் கண்டுபிடிக்க எங்க டீமுக்கு மூணு வாரம் ஆச்சு. திட்டு வாங்கியும் புத்தி வரலை பாருங்க.

என் கட்சி இதுதான். ஊகம் பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க, ஆனா "எனக்குத் தோணுது"ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்து எழுதுங்க. நான் அதைச் சேர்த்திருந்தா அந்த ஆத்தா கொழுமத்துல இருந்து பைக்ல வந்திருக்க மாட்டாங்க. "அட, ஒரு கிழவி சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே"ன்னு எங்கம்மா சொன்னாங்க. ரெண்டு நாள் அந்தப் பக்கமும் யோசிச்சேன். எனக்கு ஒப்பலை. அந்த மூணாவது பிடிலுக்கும் ஒரு தங்கச்சி இருக்கலாம். பாலக்காட்டுலயோ நாகர்கோவில்லயோ அவங்களும் ஒரு மொகத்தைத் தேடிக்கிட்டு இருக்கலாம்.

லீவு முடியறதுக்கு முந்தின நாள் கொழுமம் போனேன். காப்பி போட்டு எடுத்துட்டுத்தான் போனேன். மைக், வருஷம் எல்லாத்தையும் முடிஞ்ச வரைக்கும் சுத்தி வளைக்காம சொன்னேன். 1947-ன்னு நான் எழுதினது தப்பு, மன்னிச்சிருங்க ஆத்தான்னேன்.

ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"அந்தக் குழல் அப்புறமாத்தான் வந்துச்சா?"

"ஆமாங்க ஆத்தா. நாலு வருஷம் கழிச்சு."

"வருஷத்த நீ படிச்சுச் சொல்ற. நா தோள்பட்டையப் பாத்துச் சொல்றேன்." கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "செரி, உனக்குத் தெரிஞ்சத எழுது. அதுக்குக் கீழ எனக்குத் தெரிஞ்சத எழுது"ன்னாங்க.

பின்பக்கம் எழுதினேன். "இடம் தெரியவில்லை. 1960-க்குப் பிறகு." அதுக்குக் கீழ, "மூன்றாவது பிடில் தன் அண்ணன் என்று தங்கை சொல்கிறார்"னு எழுதி, அவங்க பேரையும் அன்னிக்குத் தேதியையும் போட்டேன். பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அண்ணன் பேரை விட்டுட்டியேன்னாங்க. தங்கை சொல்றாங்கன்னு தானே இருக்கு, பேரையும் போட்டா என்னன்னு பேரனும் கேட்டான். பேனாவை எடுத்தேன். அப்புறம் அதையும் எழுதினேன். கடைசியில ஒரு கேள்விக்குறி போட்டேன். அது என்னன்னு ஆத்தா கேக்கலை, பேரனும் சொல்லலை.

ஒரிஜினல் இப்ப எங்கிட்ட பெங்களூர்ல இருக்கு. மாமாவோட சிவப்பு வட்டம் போன வாரம் கூட வேற ஒரு குழுவுல வந்துச்சு. தப்புன்னு எழுதினேன், மூணு பேர் கும்பிடு பொம்மை போட்டுட்டு அதையே இன்னொரு தடவை பகிர்ந்தாங்க.

டிஸ்கி: உங்க வீட்டுல யாராவது அறுபது, எழுபதுகள்ல ஸ்டுடியோவுல பிடில் வாசிச்சிருந்தாலோ, கோரஸ் பாடியிருந்தாலோ ஒரு வார்த்தை சொல்லுங்க. படத்தை அனுப்பறேன். வருஷம், ஊர் எதுவும் எழுதாமத்தான் அனுப்புவேன்.