மெனோபாஸ் நேரத்தில் மனச்சோர்வு: மரபணுவும் காரணமா?

"எல்லாருக்கும் வர்றதுதானே, போகப்போக சரியாகிடும்." மெனோபாஸ் சமயத்தில் மனசு சரியில்லை என்று சொல்லும் பெண்களுக்கு வீட்டில் அடிக்கடி கிடைக்கும் பதில் இது. ஆனால், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றக் காலத்தில் மனச்சோர்வு ஏற்படும் அபாயம், அந்தக் கட்டத்தை எட்டாத பெண்களைவிட 40% அதிகம் என்கிறது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் 2024 ஆய்வு.

மரபணுவுக்கு என்ன பங்கு?

திடீரென உடல் சூடாகி வியர்ப்பதற்கும், டிஏசிஆர்3 என்ற மரபணுவில் உள்ள மாறுபாடுகளுக்கும் தொடர்பு இருப்பதை 2016-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மனச்சோர்வுக்கு இப்படி ஒற்றை மரபணு கிடையாது. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்கின்றன. இரட்டையர் ஆய்வுகளின்படி, அதில் பரம்பரையின் பங்கு சுமார் 37%.

அப்போ இரண்டும் எங்கே சேருது?

தூக்கத்தில். இரவு வியர்வை தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால், ஏற்கெனவே மனச்சோர்வு அபாயம் உள்ளவர்களுக்குப் பாதிப்பு கூடும்.

என்ன செய்யலாம்?

அம்மாவுக்கோ அக்காவுக்கோ மனச்சோர்வு இருந்ததா? பிரசவத்துக்குப் பின் உங்களுக்கு வந்ததா? டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. பரம்பரையில் இருந்தாலும் சிகிச்சை உண்டு. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வயசுக் கோளாறு என்று தள்ளிப்போடாதீங்க. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.