பள்ளியின் பெயரைச் சொல்லி வாங்கிய வீடுகள்

டெக்சஸில் வீடு வாங்கும் தமிழர் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்துவிடுகிறார். பிளேனோ, ஃபிரிஸ்கோ, கேட்டி என்று நாம் குவிந்த ஊர்களெல்லாம் அங்குள்ள பொதுப் பள்ளிகளுக்காகத் தேர்ந்தெடுத்தவைதான். அந்தப் பள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "என் சொத்து வரியிலிருந்து" என்பார்கள்.

அது பாதி உண்மை. மாணவருக்கு இவ்வளவு என்ற அடிப்படைத் தொகையை மாநிலச் சட்டமன்றம்தான் முடிவு செய்கிறது. வீட்டு மதிப்பு ஏறி நம் வரி கூடினால், மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. 2019-இல் 6,160 டாலராக வைத்த தொகை, விலைவாசி எவ்வளவு ஏறியும் ஆறு ஆண்டுகள் அசையவில்லை. 2023-இல் மாநிலத்திடம் 3,200 கோடி டாலருக்கு மேல் உபரி இருந்தும் அசையவில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டம் முதலில் நிறைவேற வேண்டும் என்று ஆளுநர் கிரெக் அபட் பிடிவாதமாக நின்றார். அந்த நவம்பரில் அவருடைய கட்சியினர் 21 பேரே எதிர்த்து வாக்களித்து அதைத் தோற்கடித்தார்கள். 2024 முதற்கட்டத் தேர்தலில் அவர்களில் பலரை வீழ்த்திவிட்டு, 2025 மே மாதம் அவர் வவுச்சர் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு ஒதுக்கிய தொகை 100 கோடி டாலர். அதே ஆண்டு அடிப்படைத் தொகைக்குக் கிடைத்த உயர்வு 55 டாலர். ஆசிரியர் சம்பளத்துக்கும் வேறு சில செலவுகளுக்கும் தனியாகப் பணம் வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் தலைப்பிட்டு வரும் பணத்தைப் பள்ளி தன் தேவைக்கேற்பச் செலவிட முடியாது.

"என் வரி, என் பிள்ளை, என் விருப்பம்" என்று நம்மவர்கள் இதை வரவேற்கிறார்கள். கணினித் துறையில் இருக்கும் நமக்கு இந்தக் கணக்கு புரியாமல் போவது வியப்பு. பயனர் பத்துப் பேர் விலகினால் சர்வர் செலவு பத்துப் பேர் அளவுக்குக் குறைகிறதா? டெக்சஸில் வருகைப்பதிவை வைத்தே பணம் வருகிறது. வகுப்பில் 25 பேரில் மூவர் போனால் மூவருக்கான பணமும் போகும். ஆசிரியரும் பேருந்தும் குளிர்சாதனமும் அப்படியே வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததால் பிளேனோவில் நான்கு பள்ளிகளை மூட 2024-இலேயே முடிவெடுத்தார்கள். அப்போது வவுச்சர் வந்திருக்கவில்லை.

விருப்பம் யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு வவுச்சரில் முன்னுரிமை உண்டு. ஆனால் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது தனியார் பள்ளியின் முடிவு. ஆட்டிசம் உள்ள நம் வீட்டுப் பிள்ளையை மறுக்க முடியாத பள்ளி, தெருமுனையில் இருக்கும் பொதுப் பள்ளி மட்டும்தான்.

ஒன்றிய அரசு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கான 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிதியை நிறுத்தியபோது நாம் இங்கிருந்து கொதித்தோம். அது நியாயமான கொதிப்பு. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு நடப்பதைப் பற்றி மட்டும் ஏன் இந்த மௌனம்?

குடியுரிமை உள்ளவர்கள் மார்ச் மாத முதற்கட்டத் தேர்தலில் வாக்களியுங்கள். டெக்சஸில் அதற்குக் கட்சி உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. சில நூறு வாக்குகளில் முடிவாகிவிடும் பள்ளி வாரியத் தேர்தலையும் விடாதீர்கள். ஹெச்-1பி, கிரீன் கார்டுக்காரர்களுக்கு வாக்கு இல்லை, வரி உண்டு. வாரியக் கூட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டு எழுந்து பேச விசா யாரும் கேட்பதில்லை.