நின்றால் நல்லாத்தான் இருக்கும்

மினசோட்டாவில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842. ஆபீஸ் வேலையாக இங்கே வந்து சேர்ந்தவனுக்கு இரண்டாவது கோடையில் புத்தி கெட்டு, படகு வாங்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பன்னிரண்டு அடி அலுமினியப் படகு, செகண்ட் ஹாண்ட். பின்னால் மாட்ட பாட்டரியில் ஓடும் ஒரு மோட்டார். பெட்ரோல் வேண்டாம், சத்தம் கிடையாது. மீனுக்குத் தூக்கம் கலையாது.

இந்த வகை மோட்டாரில் பழைய பெயர் 'மின் கோட்டா'. 1934-ல் பக்கத்து மாநிலத்து ஃபார்கோவில் பிறந்தது. மினசோட்டாவில் பாதி, டகோட்டாவில் பாதி. நம்மூர்க்காரர் கேட்டால் மின்வாரியம் ரேஷன் போடுகிறது என்று நினைப்பார். என்னுடையது அது இல்லை. பெயரே அழிந்துபோன வேறு ஏதோ ஒன்று.

அப்பா கோவையில் முப்பது வருஷம் பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டியவர். ஆறு மாசம் இருக்கலாம் என்று வந்தார். மூன்றாவது வாரமே ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற கார்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். கேட்டால், "எனக்கென்னடா கண்ணு, நல்லா இருக்கேன்" என்பார். சரி, படகில் ஒரு ரவுண்டு அழைத்துப் போவோம் என்று கிளம்பினேன்.

போகும்போது காற்று பின்னாலிருந்து. ராஜ பவனி. சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று எதிரே. ஸ்பீடை ஐந்தில் வைத்தேன். மோட்டார் முனகியது. படகு முன்னால் போகாமல் மரியாதையாகப் பின்னால் போனது. இருட்ட ஆரம்பித்தது. லைஃப் ஜாக்கெட் இருந்தது, அது இங்கே சட்டம். துடுப்பு? கார் டிக்கியில் பத்திரமாக இருந்தது. செல்போனில் யாரைக் கூப்பிடுவது, மேனேஜரையா?

மோட்டாரை நிறுத்தி, தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்தேன். விசிறியில் பாசி இல்லை, தூண்டில் நரம்பும் சுற்றவில்லை. விசிறியைப் பிடிக்கிற பின் உடைந்தால் மோட்டார் மட்டும் ரீங்கரிக்கும், விசிறி சும்மா நிற்கும். அதுவும் இல்லை. ஸ்பீடு காயில் போனால் சின்ன ஸ்பீடெல்லாம் செத்து, கடைசி ஸ்பீடு மட்டும் ஓடும். இங்கே நேர் எதிர். மல்டிமீட்டரை பாட்டரியில் வைத்தேன். 12.5 வோல்ட். பழுதே இல்லை!

"மோட்டார் எரிஞ்சு போச்சுங்கப்பா."

"மீட்டர்ல நிறுத்தி வெச்சுப் பார்த்தியா, ஓட விட்டுப் பார்த்தியா?"

"நிறுத்தித்தாங்கப்பா."

"நிறுத்தி வெச்சா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அஞ்சுல போடு."

போட்டேன். மோட்டாரிலிருந்து வயரைப் புறங்கையால் தடவிக்கொண்டே வந்தார். பாட்டரி முனையில் வெடுக்கென்று கையை எடுத்தார். "இங்கதான் திங்குது."

மீட்டரின் ஒரு முள்ளை பாட்டரி முனையிலும், மற்றதை அதில் மாட்டியிருந்த வயர் லக்கிலும் வைக்கச் சொன்னார். ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு உலோகம். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது 2.5 காட்டியது. நான் எஞ்சினீயர் இல்லையா, உடனே கணக்குப் போட்டேன். ஐம்பது ஆம்பியர் ஓடினால் 125 வாட். ஐந்து சோல்டரிங் அயர்ன் அந்த ஒரு மூட்டில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது! மோட்டாருக்கு மிச்சம்தான்.

ஸ்விட்சை அணைத்தார். சூடு ஆறட்டும் என்று காத்திருந்து வயரைக் கழற்றினார். உள்ளே வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. என் வீட்டுச் சாவியால் பளபளவென்று சுரண்டி, கையால் திருகுகிற அந்த விங் நட்டை இறுக்கினார்.

"இப்பப் போடு."

படகு எகிறியது. கைப்பிடியை அவரே வாங்கிக்கொண்டார். கரை வரும்வரை, கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் தூக்கிய கதைகள். மூன்று வாரமாக அவர் பேசியதை மொத்தமாகச் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

மறுநாள் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து முனைகளைக் கழுவினோம். விங் நட்டைத் தூக்கிப் போட்டு, ஸ்பேனரால் முடுக்குகிற நட்டு போட்டார்.

"நல்லா இருக்கேன்" என்று அவர் சொன்னதை நான் நம்பியதும் நிறுத்தி வைத்து அளந்த வோல்ட்தான். இப்போது ஜன்னலோரம் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அமெரிக்கரின் புல்வெட்டும் மெஷின் எங்கள் காரேஜில் பிரிந்து கிடக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்கப் போனேன்.

"நீ போய் டீ போடு கண்ணு" என்று விட்டார்.