ட்ரையர் சுத்துது... சூடு வரலையே!



எங்க குளச்சல் பக்கம் ஜூன் மாசம் வந்து பாருங்க. திங்கக்கிழமை துவைச்ச ஜீன்ஸ் வியாழக்கிழமையும் கொடியில சொட்டிட்டு நிக்கும். ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்குன்னு கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. போதாததுக்கு உப்புக்காத்து வேற! அதான் கல்ஃப் காசு வர்ற சில வீடுகளில், லாண்டரிக் கடைகளில் ட்ரையர் எட்டிப் பார்க்குது. அது ஒருநாள் மக்கர் பண்ணும். டிரம் சுத்தும், சத்தம் வரும், துணி மட்டும் ஜில்லுன்னு இருக்கும். என்ன செய்யலாம்? ஸ்க்ரூ டிரைவரை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

முதல் கேள்வி: அது சூடாகுற ட்ரையர்தானா?

சிரிக்காதீங்க பாஸ். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் ரெண்டாவது தொட்டிக்கும் 'ட்ரையர்'னுதான் பேரு. ஆனா அதுக்குள்ள ஹீட்டரே கிடையாது. வேகமா சுத்தி தண்ணியை வெளியே தள்ளும், அவ்வளவுதான். அது சூடாகலைன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டா, வந்ததுக்குக் காசு வாங்கிட்டுப் போயிடுவார். நாம பேசப் போறது ஹீட்டர் வச்ச 'டம்பிள் ட்ரையர்' பத்தி. அதுலயும் சூடில்லாத 'கூல்' செட்டிங் உண்டு. யாராவது அதுல திருப்பி வச்சிருக்காங்களான்னு பார்த்துடுங்க.

ரெண்டாவது: கரன்ட்

டிரம்மைச் சுத்துற மோட்டாருக்குச் சில நூறு வாட் போதும். ஹீட்டருக்கு 2,000 வாட்டுக்கு மேல வேணும். உங்க ஹீட்டர் 230 வோல்ட்ல 2,300 வாட்னு வைங்க. லைன்ல 180 வோல்ட்தான் வருதுன்னா எவ்வளவு கிடைக்கும்? வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்தமாதிரி பவர் குறையும். கணக்குப் போட்டா சுமார் 1,400 வாட்! மோட்டார் எப்படியோ சுத்திடும். சூடுதான் பாதிக்குப் பாதி மாதிரி ஆயிடும். ஃபர்ஸ்ட் செமஸ்டர் ஃபார்முலா வீட்டுக்கு உதவுற இடம் இது.

ட்ரையருக்கு 16 ஆம்ப் பவர் ப்ளக் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ப்ளக் பின் பழுப்பேறி இருக்கா, பிளாஸ்டிக் உருகியிருக்கான்னு பாருங்க. கடலோர ஊர்ல உப்புக்காத்து பட்டு கனெக்‌ஷன்ல பாசி பிடிக்கும். பிடிச்ச இடம் சூடாகும், சூடானா இன்னும் கெட்டுப்போகும்.

ஒரு விஷயம். 'மோட்டார் ஓடும், சூடு வராது, ஒரு ஃபேஸ் போயிருக்கும்'னு அமெரிக்க வீடியோக்களில் சொல்வாங்க. அங்கே பல ட்ரையர்களில் மோட்டாருக்கு 120 வோல்ட், ஹீட்டருக்கு 240 வோல்ட். நம்ம வீட்டு மெஷினில் ரெண்டுக்கும் ஒரே 230 வோல்ட் லைன்தான். அந்த வைத்தியம் இங்கே செல்லாது.

மூணாவது: காத்து

கடற்கரை மணல்ல நெத்திலி காயுறதைப் பார்த்திருப்பீங்க. வெயில் மட்டும் போதாது, காத்தும் ஓடணும். ட்ரையரும் அதே கதைதான். சூடு ஈரத்தைப் பிரிக்கும், காத்து அதை வெளியே தூக்கிட்டுப் போகும். ஃபில்டர்ல நூல் பிசிறு அடைச்சிருந்தாலோ, பின்னாடி இருக்கிற குழாய் சுவரோடு நசுங்கியிருந்தாலோ சூடு உள்ளேயே தேங்கும். உடனே தெர்மோஸ்டாட் ஹீட்டரை ஆஃப் பண்ணும். அதுக்கும் மிஞ்சினா 'தெர்மல் ஃப்யூஸ்' போயிடும். பல மாடல்களில் இதுக்கப்புறமும் டிரம் ஜாலியா சுத்தும். சூடு மட்டும் வராது.

நாலாவது: மல்டிமீட்டர்

ப்ளக்கைப் பிடுங்கியாச்சா? ஆறிடுச்சா? அப்புறம்தான் மூடியைத் திறக்கணும். ஹீட்டர் வயரைக் கழட்டிட்டு ஓம்ஸ்ல பாருங்க. மேலே சொன்ன 2,300 வாட் ஹீட்டர் சுமார் 23 ஓம் காட்டணும். எதுவுமே காட்டலைன்னா காயில் அறுந்திருக்கு. காயில் நல்லா இருந்தா தெர்மல் ஃப்யூஸைப் பாருங்க. அது கிட்டத்தட்ட ஜீரோ காட்டணும். காட்டலையா? ஆசாமி போயாச்சு. மல்டிமீட்டர் பழக்கமில்லைன்னா இந்த வேலையைத் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க.

இப்போதான் மேட்டரே!

'ஃப்யூஸ் கிடைக்கலை, ஒரு துண்டு வயர் போட்டு ஷார்ட் பண்ணிடலாம்'னு ஒரு குரல் வரும். கடையிலிருந்தும் வரலாம், உங்க ரூம்மேட்கிட்டேருந்தும் வரலாம். சம்மதிக்காதீங்க. ஃப்யூஸ் நோய் இல்லை மக்களே, காவக்காரன். காவக்காரன் விழுந்து கிடந்தா, அடிச்சது யாருன்னுதானே தேடணும்? பெரும்பாலும் அது அடைஞ்சுபோன குழாயாகவோ, சரியா வேலை செய்யாத தெர்மோஸ்டாட்டாகவோ இருக்கும். அதைச் சரிபண்ணாம புது ஃப்யூஸ் போட்டாலும் திரும்பப் போகும். வயர் போட்டாலோ போறதுக்கு ஃப்யூஸே இருக்காது, வீடுதான் போகும்.

சும்மா மிரட்டலை. 2008 முதல் 2010 வரை அமெரிக்க வீடுகளில் வருஷத்துக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்துகள் நடந்ததா அந்நாட்டு தீயணைப்பு நிர்வாகம் கணக்கு சொல்லுது. முதல் காரணம், சுத்தம் பண்ணாதது: 34 சதவீதம். 2016 ஆகஸ்ட்ல லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் கட்டடம் ஒண்ணு தீப்பிடிச்சது. ஆரம்பம் ஒரு வீட்டு டம்பிள் ட்ரையர்!

பாக்கெட் டிப்ஸ்

* ஒவ்வொரு தடவையும் ஃபில்டர்ல பிசிறை எடுத்துடுங்க. அரை நிமிஷ வேலை.
* போட்டுக்குப் போயிட்டு வந்த டீசல் லுங்கி, எண்ணெய் துடைச்ச துணி... இதெல்லாம் ட்ரையருக்குள்ள நோ என்ட்ரி. கொடிதான் அதுக்கு.
* ட்ரையரைப் போட்டுட்டு வெளியே கிளம்பாதீங்க, தூங்கவும் போகாதீங்க.

அடுத்த வாரம், உப்புக்காத்துல துருப்பிடிச்சு ஸ்டார்ட் ஆகாம அடம்பிடிக்கிற பைக்கைப் பார்க்கலாம். வரட்டா!